முப்பது கிலோ வாழ்க்கை

பனிக்காட்டில் தன்னந்தனியாக மாட்டிக்கொண்டுவிட்டீர்கள். கரன்ட் இல்லை, போன் இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் மனித வாடை இல்லை. கையில் ஒரே ஒரு பொருள் வைத்துக்கொள்ளலாம். எதைக் கேட்பீர்கள்?

'துப்பாக்கி' என்றால் நீங்கள் நிறைய இங்கிலீஷ் படம் பார்ப்பவர். 'தீப்பெட்டி' என்றால் கொஞ்சம் விவரமானவர். 'பூதக்கண்ணாடி' என்றால், சந்தேகமே இல்லை, 'தி லாங் டார்க்' ஆடியிருக்கிறீர்கள்.

'தி லாங் டார்க்' ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. கனடாவின் வான்கூவர் தீவில் பிறந்த ஹின்டர்லாண்ட் என்ற சின்ன கம்பெனியின் தயாரிப்பு. ஆரம்பித்தவர் ராபேல் வான் லீரோப். அதற்கு முன் பெரிய கம்பெனியில் 'ஸ்பேஸ் மரைன்' என்ற அடிதடி விளையாட்டை இயக்கியவர். 2013-ல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் பொதுமக்களிடம் 2 லட்சம் கனடிய டாலர் கேட்டார்கள். இரண்டரை லட்சத்துக்கு மேல் வந்து விழுந்தது. 2014 செப்டம்பரில் பாதி வெந்த நிலையிலேயே கடைக்குக் கொண்டுவந்து, ஆடுகிறவர்கள் சொல்லச் சொல்லத் திருத்தி, 2017 ஆகஸ்டில் முழுசாக வெளியிட்டார்கள்.

கதை இதுதான். வானத்தில் ஏதோ காந்தக் கோளாறு. மின்சாரத்தில் ஓடும் எல்லாமே படுத்துவிடுகிறது. வட கனடாவில் கிரேட் பேர் என்றொரு கற்பனைத் தீவு. அங்கே பனிக்கு நடுவில் நீங்கள். அத்தியாயம் அத்தியாயமாக ஒரு கதையும் தனியாக உண்டு. ஆனால் இந்த விளையாட்டின் உயிர் 'சர்வைவல்' என்ற பகுதியில்தான் இருக்கிறது. அங்கே கதை கிடையாது, வில்லன் கிடையாது, கிளைமாக்ஸ் கிடையாது. எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறீர்கள், அவ்வளவுதான். விளையாட்டு வெளியானபோது, செத்தால் செத்ததுதான். 'விட்ட இடத்திலிருந்து' என்ற சமாசாரமே அப்போது இல்லை. 200 நாள் ஓட்டிய ஆளும் ஒரு பனிப்புயலில் பொசுக்கென்று போய்விடுவார், பதிவும் அழிந்துவிடும்.

இதைப் பலர் வீர சாகச விளையாட்டு என்கிறார்கள். பி.காம். படித்தவன் கண்ணுக்கு இது சுத்தமான கணக்கு வழக்கு. அதுவும் நான் பார்த்ததிலேயே நாணயமான கணக்கு.

உடம்புக்கு நான்கு பற்று வரவு: சூடு, தூக்கம், தாகம், பசி. நடந்தால் கலோரி செலவு. விறகு வெட்டினால் செலவு. சும்மா தூங்கினாலும் செலவு! முதுகில் 30 கிலோ வரை சுமக்கலாம். அதற்கு மேல் போகப் போக நடை தளரும், ஓடவும் முடியாமல் போகும். ஓநாய் எதிரில் வரும்போது ஓட முடியாதது எப்பேர்ப்பட்ட சங்கடம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஒவ்வொரு டப்பா உணவையும் எடுக்கும்போது ஒரு கேள்வி வருகிறது. இது தரும் கலோரி பெரிதா, இதைச் சுமக்கிற கூலி பெரிதா?

என் அக்கா பையன் இதில் கில்லாடி. ஒருநாள் அவன் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அருமையான வேட்டைத் துப்பாக்கி ஒன்றைத் தேடிப் பிடித்தவன், அதை ஒரு குடிசையில் போட்டுவிட்டு வெறுங்கையோடு கிளம்பினான்.

"என்னடா, கிடைச்சதைப் போய்ப் போட்டுட்டுப் போறே?"

"4 கிலோ மாமா அது. இருக்கிறது மூணு குண்டு. அந்த 4 கிலோவுக்கு நான் விறகு தூக்கிட்டுப் போனா ஒரு ராத்திரி ஓட்டிடலாம்."

"ஓநாய் வந்தா?"

"தீப்பந்தம் இருக்கில்ல மாமா. பந்தத்துக்கு லைசென்ஸும் வேணாம், குண்டும் வேணாம்."

எம்.பி.ஏ.வில் இரண்டு வருஷம் சொல்லித்தருவதை இந்தப் பையன் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டான்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தீவில் பொருட்கள் இரண்டு ஜாதி. ஒன்று, யாரோ விட்டுப்போனவை: டப்பா உணவு, தீக்குச்சி, துப்பாக்கிக் குண்டு, தொழிற்சாலையில் தைத்த கோட்டு. இன்னொன்று, நீங்களே திரும்பத் திரும்பச் செய்துகொள்ளக்கூடியவை. முதல் ஜாதி, தாத்தா வைத்துவிட்டுப்போன சொத்து மாதிரி. எடுத்துச் சாப்பிடச் சாப்பிடக் குறையும். அலை கரையில் ஒதுக்கிவிட்டுப் போவதைத் தவிர, புதிதாக எதுவும் முளைக்காது. இரண்டாவது ஜாதி, மாசச் சம்பளம். கொஞ்சம்தான், ஆனால் வந்துகொண்டே இருக்கும்.

புதிதாக ஆடுகிறவர்கள் சொத்தைத் தின்றே காலத்தை ஓட்டுகிறார்கள். முதல் பத்து நாள் ராஜ வாழ்க்கை. வீடு வீடாகப் புகுந்து பீச் பழ டப்பாவும் சாக்லேட்டும் காலி. முப்பதாவது நாள் அலமாரிகள் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். அப்புறம் வேட்டையாடக் கற்றுக்கொள்ளலாம் என்றால், அதற்குள் உடம்பில் தெம்பு இருக்காது. விவரம் தெரிந்தவர்கள் டப்பா தீருவதற்குள்ளேயே சம்பளத்துக்கு ஏற்பாடு பண்ணிவிடுகிறார்கள்.

எப்படி? தீக்குச்சிக்குப் பதில் பூதக்கண்ணாடி. வெயில் அடிக்கும்போது வெளியில் நின்று தீ மூட்டலாம், எத்தனை முறை மூட்டினாலும் தேயாது. அந்தத் தீயிலிருந்து பந்தம் பற்றவைத்து வீட்டுக்குள் அடுப்புக்குக் கொண்டுபோய்விட்டால், ஒரு குச்சி மிச்சம். மண்ணெண்ணெய்க்குப் பதில், பனியில் ஓட்டை போட்டுப் பிடித்த மீனைச் சமைக்கும்போது கிடைக்கும் எண்ணெய். விளக்குக்கு அது போதும். துப்பாக்கிக்குப் பதில் வில். மேப்பிள் கன்றை வெட்டி வீட்டுக்குள் காயவைத்து, விலங்கின் குடலைக் காயவைத்து நாணாக்கிக் கட்ட வேண்டும். அம்புக்கு பிர்ச் கன்று, காக்கை இறகு, இரும்பு முனை. முனையை உலையில் நிலக்கரி போட்டு நெருப்பை 150 டிகிரிக்கு ஏற்றி அடிக்க வேண்டும். குண்டு தயாரிக்கவும் ஒரு பட்டறை உண்டு. ஆனால் அது பிளீக் இன்லெட் என்ற இடத்தில் இருக்கிறது. வாசலில் ஓநாய்க் கூட்டம் செக்யூரிட்டி வேலை பார்க்கிறது.

விளையாட்டில் இன்டர்லோப்பர் என்று ஒரு கடினமான நிலை உண்டு. அதில் துப்பாக்கியே கிடையாது. கத்தி, கோடாலிகூட ரெடிமேடாகக் கிடைக்காது. ஒரு சுத்தியலைத் தேடிப் பிடித்து, உலைக்குப் போய், நீங்களே அடித்துக்கொள்ள வேண்டும். போதாததற்கு நாளாக ஆகக் குளிரும் கூடிக்கொண்டே போகும். பில்கிரிம் என்ற சுலபமான நிலையில் ஓநாய் உங்களைப் பார்த்தால் ஓடும். ஆனால் இந்த விளையாட்டு என்ன சொல்ல வருகிறது என்பது இன்டர்லோப்பரில்தான் தெரிகிறது. தாத்தா சொத்தைப் பிடுங்கிக்கொண்டு, 'சம்பாதிச்சுக் காட்டு' என்கிறது.

உடையிலும் இதே கதை. கடையில் வாங்கிய கோட்டு லேசானது, ஆனால் கிழிந்துகொண்டே வரும், தைக்கத் துணி வேண்டும். கரடித் தோல் கோட்டு பயங்கரக் கனம், போட்டால் ஓடுவது சிரமம். ஆனால் குளிர் கிட்டேயே வராது. மான் தோல் பூட்ஸ், முயல் தோல் கையுறை, ஓநாய்த் தோல் கோட்டு என்று கலந்து போட்டுக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம். தலையிலிருந்து கால்வரை கரடியாக மாறிவிட்டால், முதுகில் விறகுக்கு இடமிருக்காது.

இவ்வளவு நேர்த்தியான கணக்கில் ஒரு ஓட்டையும் இருந்தது. பட்டினி கிடந்தால் உயிரில் ஒரு நாளைக்குக் கால் பங்குதான் குறையும். குளிரில் உறைய ஆரம்பித்தால் ஒரு ராத்திரிகூடத் தாங்காது. இதைப் பார்த்த கணக்குப்பிள்ளைகள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். பகல் முழுக்கப் பட்டினி. படுக்கப்போகும் முன் மட்டும் ஒரு கடி. தூக்கத்தில் உயிர் திரும்ப ஏறிவிடும். பாதிச் சாப்பாட்டில் காலம் தள்ளலாம். சட்டப்படி சரி, ஆனால் பார்க்கச் சகிக்காது. அப்பட்டமான வரி ஏய்ப்பு!

ஹின்டர்லாண்ட் இதற்கு அபராதம் போடவில்லை. பசியே இல்லாமல் 72 மணி நேரம் இருந்தால் ஒரு போனஸ் என்று அறிவித்தது. உயிர் கொஞ்சம் கூடும், 30 கிலோவோடு இன்னொரு 5 கிலோ சுமக்கலாம். அவ்வளவுதான். ஏய்த்தவர்களில் பலர் மரியாதையாக மூன்று வேளை சாப்பிட ஆரம்பித்தார்கள். தண்டனையைவிடச் சலுகை வேலை செய்யும் என்பதை நம் நிதியமைச்சர்கள் யாராவது இதை ஆடிப் பார்த்தால் தெரிந்துகொள்வார்கள்.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது.

முதல் குறை ஓநாய். மனித வாடை பட்டாலே பாய்ந்து வருகிறது. நிஜத்தில் வட அமெரிக்கக் காட்டு ஓநாய்கள் மனிதனைத் தாக்குவது அபூர்வத்திலும் அபூர்வம். குளிர்தான் வில்லன் என்று அவ்வளவு அழகாகச் சொன்ன விளையாட்டு, அது போரடித்துவிடுமோ என்று பயந்து ஓநாயை அடியாளாக வேலைக்குச் சேர்த்திருக்கிறது. மன்னித்துவிடலாம். சினிமாவிலும் சண்டைக் காட்சி வேண்டித்தானே இருக்கிறது.

இரண்டாவது குறையை என்னால் அவ்வளவு சுலபமாக மன்னிக்க முடியவில்லை. குடலையும் தோலையும் வீட்டுத் தரையில் போட்டு வைத்தால் போதும், தானாகப் பதமாகிவிடுகிறது. குடலுக்கு 5 நாள், ஓநாய்த் தோலுக்கு 7, கரடித் தோலுக்கு 12. நீங்கள் பாட்டுக்குத் தூங்கலாம். நிஜத்தில் தோல் அப்படிப் பதமாவதில்லை. கொழுப்பைச் சுரண்ட வேண்டும், நீட்ட வேண்டும், மறுபடி சுரண்ட வேண்டும், கசக்கி மிருதுவாக்க வேண்டும். வட கனடாவின் இனுயிட் மக்களிடம் இது பெண்களின் கலை. கரிபூ மான் தோலில் இரண்டு அடுக்கு. உள்ளடுக்கில் ரோமம் உடம்பைப் பார்த்து, வெளியடுக்கில் ரோமம் வெளியே பார்த்து. பூட்ஸுக்கான சீல் தோலைப் பல்லால் மென்று மென்று மிருதுவாக்குவார்கள். தையலில் ஒரு ஓட்டை விழுந்தால், வேட்டைக்குப் போனவரின் கால் நனையும். அந்தக் குளிரில் கால் நனைந்தால் என்ன ஆகும் என்று விளையாட்டே உங்களுக்குக் காட்டித் தரும்.

'தி லாங் டார்க்' ஒவ்வொரு கலோரிக்கும் கணக்குச் சொல்கிறது, ஒவ்வொரு கிராமையும் நிறுக்கிறது. ஆனால் அதில் பிழைக்கிற ஆள் முழுத் தனியாள். சர்வைவலில் நீங்கள் பார்க்கிற மற்ற மனிதர்கள் எல்லாரும் உறைந்துபோன பிணங்கள், அவர்கள் பையைத் துழாவலாம், அவ்வளவுதான். நிஜத்தில் அந்தக் குளிரில் மக்கள் பெரும்பாலும் தனியாகப் பிழைக்கவில்லை. குடும்பமாக, கூட்டமாக, பாட்டி சொல்லித்தந்த தையலை வைத்துப் பிழைத்தார்கள். ஆட்டக்காரர் ஐந்து நிமிடத்தில் போட்டுக்கொள்ளும் அந்தக் கோட்டில் பல தலைமுறை உழைப்பு இருக்கிறது. எந்தப் பேரேட்டிலும் அதற்கு ஒரு வரி இல்லை.

இதற்காக விளையாட்டை ஒதுக்கச் சொல்லவில்லை. கட்டாயம் ஆடிப் பாருங்கள். இன்டர்லோப்பர் வேண்டாம், நடுத்தர நிலையில் ஆரம்பியுங்கள். டப்பா உணவைப் பார்த்ததும் வாயைத் திறக்காதீர்கள். முதல் வாரத்திலேயே குடலையும் கன்றையும் காயப்போடுங்கள். பூதக்கண்ணாடி கிடைத்தால் விடாதீர்கள்.

கரடித் தோல் பன்னிரண்டு நாள் காய்கிற நேரத்தில், அதை நிஜத்தில் யார் சுரண்டியிருப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். கலோரி ஒன்றும் செலவாகாது.