டிரீஷ் கண்ட முழுமையும் உயிருண்மையும்

ஜெர்மானிய அறிஞராகிய ஹான்ஸ் டிரீஷ் என்பார் 1907, 1908-ஆம் ஆண்டுகளில் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவுகள், உயிரியின் அறிவியலும் தத்துவமும் என்னும் பொருள்படும் பெயரான் நூலுருப் பெற்றன. உயிருடம்பு பொறியன்று என நாட்டப் புகுந்த அந்நூலை உயிருண்மைக்குச் சான்றாகக் கொள்ளச் சைவ நன்மக்கள் விழைதல் கூடும். ஆதலின், அதன் குணமும் குற்றமும் ஈண்டு ஆராயப்படும்.

கடல் முள்ளெலி என்னும் சிற்றுயிரின் கரு முதற்கண் இரண்டு உயிரணுக்களாகப் பிளவுறும். 1891-இல் டிரீஷ் அவ்விரண்டனையும் கடல்நீரிற் குலுக்கி வேறு பிரித்தார். வில்ஹெல்ம் ரூ என்பார் 1888-இல் தவளைக் கருவின் ஓரணுவைச் சூட்டூசியாற் கொன்றபோது எஞ்சியது அரையுடம்பாகவே வளர்ந்தது. இங்கோ, ஒவ்வோரணுவும் அளவிற் சிறிதாயினும் உறுப்பிற் குறையாத இளவுயிராயிற்று. ஒரு கடிகாரத்தைப் பிளப்பின் இரண்டு கடிகாரம் ஆகா. ஆகலின், உடம்பு பொறியன்று என்றும், இடத்தில் அடங்காத எண்டெலெக்கி என்னும் தத்துவமே அதனை முழுமையாக்கும் என்றும் அவர் முடிவு கூறினார்.

இவற்றுள் முன்னது ஒக்கும், பின்னது ஒவ்வாது. என்னை? 1930-களில் சுவீடன் நாட்டு ஹோர்ஸ்டாடியஸ் அக்கருவைக் குறுக்கே பகுத்து நோக்கினார். தனித்து நின்ற மேற்பாதி குடல் பெறாதொழிந்தது. நெடுக்கே பிரிந்தவழி முழுமை கூடுதலும் குறுக்கே பிரிந்தவழிக் கூடாமையும், கருப்பொருள்கள் இடந்தோறும் வேறுபட்டு நிற்றலான் நிகழ்வன. இடத்தில் அடங்காத தத்துவத்திற்கு இடத்தாற் குறை வருதல் யாங்ஙனம்?

அற்றேல், கருவியில்வழிக் கருத்தாவும் செயலற்றிருப்பன் அன்றோ எனின், கருத்தாவைப் பிறிதோர் ஏதுவான் நிறுவிய பின்னரே அவ்விடை பொருந்தும். ஈண்டு முழுமையொன்றே ஏது. அதுவும் அண்டையணுக்கள் தம்முள் விடுக்கும் வேதிக்குறிகளாற் பெரிதும் அமைதலைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஓரணு யாதாய் வளரும் என்பது முழுமையில் அது நிற்கும் இடம்பற்றியது என டிரீஷ் தாமே கண்டார். அவ்வுண்மை இன்றும் நிலைபெறும்; அதனோடு அமையாது மேற்சென்றதே பிழையாயிற்று.

இதனால் உயிருண்மைக்கு இழுக்கில்லை. வாழ்வினையும் ஆன்மாவினையும் 'உயிர்' என்னும் ஒரு சொல்லே உணர்த்துதலின், தமிழில் இம்மயக்கம் எளிதில் விளையும். மெய்கண்டதேவர் சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்தில் உயிரை நிறுவியது உடம்பின் வளர்ச்சி கொண்டன்று. உடம்பைத் தன்னின் வேறாக வைத்துக் கூறல், ஐம்புலன்களையும் ஒருங்கறிதல் முதலாய அறிவு நிகழ்ச்சிகள் கொண்டேயாம். ஆய்வாளர் இன்னும் அறியாத இடந்தோறும் உயிரைக் குடியேற்றுவோர், அவ்வறியாமை நீங்குந்தோறும் அதனைக் குடியெழுப்பவும் நேரும் என்க.