சுரமானி கேட்காத கேள்வி

இழுத்துக் கட்டிய கம்பியில் அலை எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு இழுவிசையும் ஓரலகு நீளத்தின் நிறையும் தெரிந்தால் போதும். முன்னதைப் பின்னதால் வகுத்து வர்க்கமூலம் காண வேண்டியதுதான். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் கம்பியில் 4 கிலோ எடையைத் தொங்கவிட்டால் அலை நொடிக்குச் சுமார் 160 மீட்டர் ஓடும். அரை மீட்டர் நீளம் 160 ஹெர்ட்ஸ் அளவில் அதிரும். 1636இல் மெர்சென் வெளியிட்ட இந்த விதிகளை, ஒரு சுரமானி, ஓர் இசைக்கவை, கம்பிமேல் மடித்து வைத்த காகிதத் துண்டு ஆகியவற்றோடு மேல்நிலைப் பள்ளி மாணவர் ஒரே வகுப்பில் சரிபார்த்துவிடுகிறார். இவ்வளவு எளிய கருவியில் இவ்வளவு துல்லியம் தரும் சோதனைகள் அரிது.

ஆனால் விதி தோற்க வாய்ப்பில்லாத இடத்தில் மட்டுமே இந்தச் சோதனை விதியைச் சோதிக்கிறது. சூத்திரம் கம்பியை, வளைத்தால் எதிர்ப்பே காட்டாத ஒன்றாகக் கொள்கிறது. எஃகு விறைப்பானது. மேற்சொன்ன கம்பியின் அடிப்படை அதிர்வெண்ணை அந்த விறைப்பு ஆயிரத்தில் ஒரு பங்குகூட மாற்றாது. காகிதத் துண்டைத் துள்ளவைப்பதும் அந்த அடிப்படை அதிர்வுதான். பத்தாம் சீரிசையோ 1600க்குப் பதில் 1650 ஹெர்ட்ஸை நெருங்கும். பியானோவுக்குச் சுருதி சேர்ப்போர் உச்சச் சுரங்களைக் கணக்குக்குச் சற்று மேலே வைப்பது இதனால்தான். முனைகள் அசையா என்ற எடுகோள் இன்னும் பெரியது. கம்பியைத் தாங்கும் குதிரை உண்மையிலேயே அசையாதிருந்தால் அதிர்வு பலகைக்குச் செல்லாது. மெல்லிய கம்பி தனியே எழுப்பும் ஒலி ஓர் அறையைக்கூட நிரப்பாது.

தொடக்கத்திலேயே இவற்றைச் சொன்னால் மாணவர் குழம்புவர் என்பார்கள். எளிய மாதிரியே முதலில் வர வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. அதன் எல்லையைச் சொல்லாமல் விட்டு, விலகல்களையெல்லாம் கைப்பிழைக் கணக்கில் எழுதவைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. மீட்டும் இடத்தில் எந்தச் சீரிசைக்குக் கணு விழுகிறதோ அது ஒலிக்காது என்பது யங்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் விதி. தம்புராவிலும் வீணையிலும் அது ஒலிப்பதை 1921இல் சி. வி. இராமன் எழுதினார். குதிரையின் வளைந்த பரப்பைத் தந்தி தொட்டுத் தொட்டு விலகுவதில் அவர் காரணத்தைத் தேடினார். விலகலையே ஆய்வுப்பொருளாக்கியதால் கிடைத்த அறிவு அது. பள்ளியில் இதற்குப் புதுக் கருவி தேவையில்லை. இழுவிசையை மாற்றாமல் அதே கம்பியின் நீளத்தை ஐந்தில் ஒன்றாகக் குறைத்தால் விறைப்பின் பங்கு 25 மடங்காகும். விதி எங்கே விலகத் தொடங்குகிறது என்ற கேள்விக்கும் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் ஒதுக்கலாம்.