சோமசெட்டும் பத்மினியும்

திருவையாற்றுக்குப் பக்கத்தில், பெரியப்பா வீட்டு வைக்கோல் கொட்டகையில் பல ஆண்டுகளாக நின்றிருந்த பிரீமியர் பத்மினியை, 2022 தை அறுவடை முடிந்த கையோடு வெளியே இழுத்தோம். எஞ்சினைச் சுற்றவைத்துப் பார்க்க நான் துடித்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் தொடவே இல்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து மிதியடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஸ்குரூ டிரைவரால் தரைத் தகட்டில் ஒரு குத்துக் குத்தினார். அது தகட்டைத் துளைத்து மண்ணில் போய் நின்றது. "தம்பி, எஞ்சின் எங்கயும் ஓடிப்போயிடாது. முதல்ல காலை வைக்கத் தரை வேணும்ல" என்றார்.

பழைய காரைக் கைக்கடங்கும் செலவில் சாலைக்கும் பந்தயத் தடத்துக்கும் ஆயத்தம் செய்ய நினைக்கிற எவருக்கும் இந்தக் குத்துதான் முதல் பாடம். இரண்டாம் பாடம் எனக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் கிடைத்தது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணம் போனேன். அங்கே ஒரு கராஜ் வாசலில் ஆஸ்டின் ஏ-40 சோமர்செட் நின்றது. யாழ்ப்பாணத்தார் வாயில் அது 'சோமசெட்'. இங்கிலாந்தில் 1952 முதல் 1954 வரை மட்டுமே செய்த கார். 1200 சிசி எஞ்சின், ஸ்டீயரிங் தண்டோடு சேர்ந்த கியர். நம் பத்மினியைவிட ஒரு தலைமுறை மூத்தது. கராஜ்காரர் அதன் பிரேக் சிலிண்டரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, இதுக்கு ஒண்டும் கடையில வாங்கேலாது. எல்லாம் செய்துதான் போடோணும்."

வாங்கிப் போடுவது ஒன்று, செய்து போடுவது ஒன்று. இரு கரைகளின் வழக்கங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு இதிலிருந்துதான் தொடங்குகிறது.

இலங்கையில் கார் செய்த பெரிய ஆலை இருந்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்திலும் அதன்பிறகு சில ஆண்டுகளும் ஆஸ்டின், மொரிஸ் வண்டிகள் கப்பலில் வந்து இறங்கின. 1960-களில் அந்நியச் செலாவணிப் பஞ்சத்தால் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977-இல்தான் கதவு திறந்தது. தெற்கே ஜப்பான் கார்கள் வந்து குவிந்தன. வடக்கே 1990-க்குப் பிறகு போர்க்காலத் தடையில் பெட்ரோலும் உதிரிப் பாகமும் போகவில்லை. அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து வாடகைக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் சொட்டுவிட்டு ஸ்டார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நம் பக்கத்தில் வில்லியர்ஸ் பம்ப்செட்டை வைத்து இறைத்தவர்களுக்கு இந்த வித்தை தெரியும். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது, அழுத்தம் கூடினால் எஞ்சின் தட்டும், எரியாத மிச்சம் ஆயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். ஆகவே அழுத்தத்தைக் குறைப்பது, தீப்பொறி விழும் நேரத்தைத் தள்ளிவைப்பது, ஆயிலை அடிக்கடி மாற்றுவது என்று ஒவ்வொரு கராஜும் ஒரு ஆய்வுக்கூடமாக ஆனது. பந்தயக்காரன் எஞ்சினில் என்னென்ன செய்வானோ அதையெல்லாம் அவர்கள் தலைகீழாகச் செய்தார்கள். வேகத்துக்கு அங்கே இடமில்லை. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். அந்தக் கைகளை நான் எந்தப் பந்தய அணியின் மெக்கானிக்குக்கும் குறைவாக எண்ணமாட்டேன்.

நம் கதை வேறு. 1983 டிசம்பரில் மாருதி வரும்வரை இந்தியச் சாலையில் பெரும்பாலும் மூன்றே கார்கள்: உத்தரப்பாராவில் செய்த அம்பாசிடர், பம்பாய் குர்லாவில் செய்த ஃபியட், நம் வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1964-இல் ஃபியட் 1100 டிலைட்டாக வந்தது, 1974-இல் பத்மினி என்று பெயர் மாறி, 2000 வாக்கில்தான் நின்றது. அம்பாசிடர் 2014 வரை ஓடியது. இத்தனை ஆண்டு ஒரே காரைச் செய்ததால் உதிரிப் பாகத்துக்குப் பஞ்சமே வரவில்லை. சென்னைப் புதுப்பேட்டைக்கு ஒரு நடை போனால் கதவு, கியர் பாக்ஸ், ஹெட்லைட் வளையம் எல்லாம் எடைக்கு எடை கிடைத்தன. நம் மெக்கானிக்குகள் கழற்றி மாட்டுவதில் மன்னர்களானார்கள். செய்யும் திறமை இல்லாமல் போய்விடவில்லை. காவிரி டெல்டாவில் அதற்கு ஆழமான வேரே இருக்கிறது. நாகப்பட்டினத்து ரயில்வே பணிமனை 1920-களின் கடைசியில் பொன்மலைக்குப் போய் அங்கே தலைமுறை தலைமுறையாக டர்னர்களை வளர்த்தது. ராமன் அண்ட் ராமன் போன்ற கும்பகோணத்துப் பேருந்துக் கம்பெனிகளும், 1972-இல் அங்கேயே தொடங்கிய சோழன் போக்குவரத்துக் கழகமும் ஊருக்கு ஊர் பிட்டர்களை உருவாக்கின. ஆனால் பாகம் மலிவாகக் கிடைக்கிற இடத்தில் அந்தத் திறமைக்கு வேலை குறைவு.

அந்தக் காலம் முடிகிறது. மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றது. வாடகைக்கு ஓடிய வண்டிகள் இருந்தவரை அவற்றுக்காகப் பாகம் செய்தவர்களும் இருந்தார்கள். இனி பத்மினி வைத்திருப்பவனும் சோமசெட் வைத்திருப்பவனைப் போலச் செய்துதான் போட வேண்டியிருக்கும். யாழ்ப்பாணத்தாரிடம் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நேரம் இது.

பந்தயத்தில் இரு நாடுகளும் தொடங்கிய இடம் ஒன்றே என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் விட்டுப்போன விமான ஓடுதளங்கள்தான் அவை: சென்னைக்கு வடக்கே சோழவரம், களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுகுருந்த. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தில் பந்தயம் நடத்தியது. இலங்கை ஓட்டுநர்களும் வந்து ஓட்டினார்கள். சாலையில் ஓட்டிய அதே ஃபியட்டையும் ஹெரால்டையும் பந்தயத்துக்குத் தயார் செய்த காலம் அது. பம்பரையும் பின் சீட்டையும் கழற்றி எடையைக் குறைப்பதற்குக் காசு வேண்டாம். (தஞ்சாவூரிலும் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று உண்டு. அங்கே கார் ஓடவில்லை. இன்று சுகோய் விமானங்கள் நிற்கின்றன.)

1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வந்தது. சுற்று 3.7 கிலோமீட்டர், தரம் உயர்ந்தது. கோவைக்காரர் கரிவரதன் உள்ளூர்ப் பாகங்களைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டி, சாதாரண வசதிக்காரனும் பந்தயத்துக்குள் நுழைய வழி செய்தார். 1995-இல் விமான விபத்தில் இறந்த அவர் பெயரில்தான் கோவைத் தடம் இருக்கிறது. ஆனால் இந்த வளர்ச்சியில் பழைய ஃபியட் வெளியே நின்றுவிட்டது. இன்று நம்மூரில் பழைய கார் என்றால் பாலிஷ் போட்டு, வரிசையில் நிறுத்தி, கோப்பை வாங்குகிற பொருள். அதில் தவறில்லை, ஆனால் ஓடுவதற்காகப் பிறந்த எஞ்சின் ஓடாமல் நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை.

இலங்கையில் பழைய கார் இன்னும் ஓடுகிறது. நுவரெலியாவில் மகாகஸ்தொட்டைத் தேயிலைத் தோட்டத்து மலையேற்றப் பந்தயம் 1934-இல் தொடங்கியது. ராணுவம் நடத்தும் தியத்தலாவை ஃபாக்ஸ் ஹில் மண் தடத்தில் மற்ற கார்களோடு மினிகளுக்கும் தனிப் பிரிவு உண்டு. 1959-இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினியை இன்றும் மண்ணில் அடித்து ஓட்டுகிறார்கள். இதே இசிகோனிஸ்தான் 1948-இல் மொரிஸ் மைனரையும் தந்தவர். மைனர் நம்மூரிலும் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் வந்து சீக்கிரமே மறைந்தது. இலங்கையில் அது குடும்பத்தில் ஒருவராகவே ஆகிவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 வரை தனியார் கார்கள் வராததும், பழையதைப் பேணும் பழக்கத்துக்கு மேலும் வலு சேர்த்தது.

ஆனால் இலங்கையின் இந்த வழக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ முடியாது. 2024 ஏப்ரல் 21 அன்று ஃபாக்ஸ் ஹில்லில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் புகுந்து 7 பேர் இறந்தார்கள். தடத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியும் தடுப்பும் பற்றி இலங்கைக்காரர்கள் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை நிறைய உண்டு.

சரி, டெல்டாவில் இருக்கிற ஒருவர் குறைந்த செலவில் எப்படித் தொடங்குவது? முதலில் தரையும் துருவும். பத்மினிக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி துருப்பிடித்தால் கார் நடுவில் தொய்யும். நெல் ஈரமும், வைக்கோல் பிடித்துவைக்கும் தண்ணீரும், நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றும் சேர்ந்து செய்யும் வேலை இது. பட்டி பூசி மறைத்தால் ஒரு மழைக்குத் தாங்கும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, புதுத் தகடு பற்றவைக்க வேண்டும். திருச்சி பெல் ஆலையைச் சுற்றி வளர்ந்த வெல்டிங் பட்டறைகள் இருக்கும்போது இதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை.

அடுத்தது பிரேக். இதில் நான் பிடிவாதக்காரன். பழைய கார்களில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்க் குழாய்ச் சுற்று. எங்கே ஒழுகினாலும் மிதி தரைக்குப் போய்விடும். கல்லணைக் கால்வாய்க் கரைச் சாலையில் எனக்கே அது நடந்தது. வேகம் குறைவாக இருந்ததால் கியரை இறக்கி, கைப்பிரேக்கைப் பிடித்து நிறுத்தினேன். முன்னும் பின்னும் தனித்தனியாக வேலை செய்யும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்த ஆகும் செலவு, ஒரு நல்ல மியூசிக் சிஸ்டத்தின் விலைக்கு மேல் போகாது. தேய்ந்த சக்கர சிலிண்டருக்கு லேத்தில் ஸ்லீவ் போட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். யாழ்ப்பாணத்தில் பார்த்தது அதைத்தான். ரப்பர் குழாய்களை மட்டும் பழையதாக எடுக்கவே கூடாது. பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். தடத்தில் நாலு சுற்று ஓடி டிரம் சூடானால் அந்த ஈரம் கொதித்து மிதி மெத்தென்று ஆகிவிடும். பந்தய நாளுக்கு முன் புது எண்ணெய் நிரப்புங்கள். டயர் விஷயத்தில் பத்மினிக்கும் மைனருக்கும் நல்ல காலம்: இரண்டுக்கும் 14 அங்குலச் சக்கரம், இன்றைய சிறிய கார்களின் ரேடியல் டயர்களில் பொருத்தமானது கிடைக்கும்.

எஞ்சின் கடைசியில்தான். 1089 சிசி, சுமார் 40 குதிரைத்திறன். ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன், ஹெட் ஃபேஸிங், சுத்தமான கார்புரேட்டர், சித்திரை வெயிலைத் தாங்க ரேடியேட்டருக்குப் புதுக் கோர்; இவ்வளவும் நம் தஞ்சாவூர், கும்பகோணம் பட்டறைகளில் முடியும். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் இருப்பதால் பழைய எரிபொருள் குழாயும் ரப்பர் வாஷர்களும் இற்றுப்போகும். அவற்றை மாற்றாமல் சாவியைத் திருப்பாதீர்கள், தீ விபத்தில் முடியும்.

இலங்கையில் மைனருக்குள் நிஸ்ஸான் எஞ்சினை இறக்குவது பழகிப்போன வேலை. நம்மூர் பிரீமியர் 118 என்.இ.-யில் ஆலையே வைத்ததும் 1171 சிசி நிஸ்ஸான் ஏ-12 எஞ்சின்தான். அதைப் பத்மினிக்குள் வைக்கலாமே என்று கை அரிக்கும். இங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் 2019 ஜனவரி உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை ஏற்பதில்லை. 2021-இல் வந்த விண்டேஜ் விதியில் 50 ஆண்டு கடந்த கார்களுக்கு 'வி.ஏ.' எழுத்தோடு தனிப் பதிவு உண்டு. கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். ஆனால் கார் மூல வடிவில் இருக்க வேண்டும், அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. சாலைக்கும் தடத்துக்கும் ஒரே கார் வேண்டும் என்பவர் சாதாரணப் பதிவையே எஃப்.சி. காட்டிப் புதுப்பித்துக்கொள்வது நல்லது. 2022 ஏப்ரலில் அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. தடத்துக்காகப் போடும் பாதுகாப்புக் கூண்டைப் போல்ட் போட்டு மாட்டிக் கழற்றும்படி செய்யுங்கள். ஹெல்மெட் இல்லாமல் சாலையில் போகும்போது அந்தக் கூண்டின் குழாயே மண்டையை உடைத்துவிடும்.

நெல் காயப்போட்ட டெல்டாச் சாலையில் வேகம் காட்டுவது பந்தயமல்ல, குற்றம். ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் தடத்துக்குத்தான் போக வேண்டும். தஞ்சாவூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை 300 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போய், பந்தயத்தில் ஓடி, அதே காரில் வீடு திரும்ப என் பத்மினிக்குத் தெம்பு இருக்கிறது. அங்கே அதற்கென்று ஒரு பிரிவு இல்லை. பந்தயம் நடத்துபவர்களிடம் நான் கேட்பது இது: இலங்கையில் மினிக்கு இருப்பதுபோல், 1100 சிசிக்கு உட்பட்ட பழைய ஃபியட்டுக்கும் ஹெரால்டுக்கும் ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் தாருங்கள். வைக்கோல் கொட்டகையில் பத்மினி வைத்திருக்கும் டெல்டாக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து வையுங்கள். பிறகு ஒரு ஸ்குரூ டிரைவரால் தரையைக் குத்திப் பாருங்கள்.