படிப்படியான மொழியிழப்பும் தமிழ் இலக்கணமும்: ஒரு வகைப்பாடு குறித்த திறனாய்வு

பிற அறிவாற்றல்கள் குன்றாதிருக்க, மொழித்திறன் மட்டும் முதலில் மெல்லத் தேயும் மூளைநோயை மார்செல் மெசுலம் 1982இல் ஆறு நோயாளிகளைக் கொண்டு இனங்காட்டினார். 'பிரைமரி புரோகிரசிவ் அஃபேசியா' என்பதனை 'முன்னேறும்' என்ற அடையுடன் தமிழாக்குவது நகைப்பிற்கிடமாகும். படிப்படியான மொழியிழப்பு என்பதே பொருந்தும். 2011இல் பன்னாட்டு அறிஞர் குழுவொன்று இதனை மூன்றாக வகுத்தது. முதல்வகையில் தொடரிலக்கணம் சிதையும், அல்லது பேச்சு தடைப்படும். இரண்டாவதில் சொற்பொருளே அழியும். மூன்றாவதில் சொல் கிட்டாது, கேட்ட தொடரைத் திருப்பிச் சொல்லவும் இயலாது. இவற்றை அறியும் அடையாளங்கள் சில ஆங்கிலத்தின் இயல்பைச் சார்ந்தவை. தமிழ் பேசுவோர்க்கு அப்படியே பொருத்தின் நோய் தவறாகக் கணிக்கப்படும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இலக்கணச் சிதைவை ஆங்கிலத்தில் விடுபடும் சிறுசொற்களைக் கொண்டு அளப்பர். தமிழிலோ உருபு தொகுதல் வழுவன்று. 'பால் குடித்தான்' என்பதில் ஐயுருபு இல்லை. எனினும் அது செம்மையான தொடர். தொல்காப்பிய எச்சவியல் தொகைகளை வகுத்துரைப்பது ஈண்டுக் கருதத்தக்கது. எங்கு உருபு தொகலாம், எங்குத் தொகலாகாது என்றறியாத ஒருவர் விடுபாடுகளை எண்ணுவாராயின், நலமாயிருப்பவரும் நோயாளியாகிவிடுவார்.

இரண்டாம் வகைக்குரிய அடையாளங்களுள் ஒன்று வாசிப்புப் பிழை. ஆங்கிலத்தில் 'மின்ட்', 'பைன்ட்' இரண்டும் முதலெழுத்து நீங்கலாக ஒரே எழுத்துகளால் ஆனவை. பொருளை இழந்தவர் பின்னதையும் 'பின்ட்' என்றே படிப்பார். தமிழில் இப்பிழை அரிது. பக்கம், பங்கு, பகல் ஆகியவற்றில் ககரம் மூவகையாக ஒலிப்பினும் அவ்வேறுபாடு இடம் நோக்கியது. பொருளறியாதவரும் பிழையின்றிப் படிப்பர். ஆகவே 'வாசிப்பில் குறையில்லை' என்று கண்டு இவ்வகையை விலக்குதல் தகாது. ஆயினும் தமிழிலும் ஒரு வாயில் உண்டு. 'பாவம்' என்ற எழுத்துவடிவம் தீவினையையும் குறிக்கும், மெய்ப்பாட்டையும் குறிக்கும். பின்னதன் பகரத்தை வடமொழி வழக்கையொட்டி மெலிந்த ஒலிப்புடன் படிப்பவர் பலர். 'தானம்' கொடையாகும்போதும் தகரம் அவ்வாறே ஒலிக்கும். எவ்வொலி என்பதை எழுத்துக் காட்டாது, பொருளே காட்டும். பொருள் தேய்ந்தவர் இத்தகைய சொற்களில் தடுமாறுவார் என எதிர்பார்க்கலாம். வடசொல்லும் ஆங்கிலச் சொல்லும் கலந்த வாசிப்புப் பட்டியலொன்றை ஆக்கிச் சோதித்தாலன்றி இதனை உறுதிப்படுத்த இயலாது. அப்பணி மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று.

மூன்றாம் வகையில் சிக்கல் வேறு. திருப்பிச் சொல்லத் தரும் தொடர் எழுத்துவழக்கில் அமைந்தால், பள்ளி காணாத முதியவர் 'வந்திருக்கிறார்கள்' என்பதை 'வந்திருக்காங்க' என்றே சொல்வார். அவர் தொடரை மறக்கவில்லை. தம் வழக்கில் பெயர்த்தே உரைத்தார்.