முட்டுக்கொடுத்த மரம்

ஜப்பானியத் தோட்டங்களைச் சுற்றிவிட்டு வருகிறவர்கள் எழுதும் கட்டுரைகளில் ஒரு முடிவு தவறாமல் வந்துவிடுகிறது: முதுமையை மல்லுக்கட்டாமல் ஏற்றுக்கொள்ள அவை கற்றுத்தருகின்றனவாம். பாசி படிந்த கல்லும் வளைந்த பைன் மரமும் சாட்சிகள். விருதுநகர் மாவட்டத்து எம்.ரெட்டியபட்டி மாதிரியான கரிசல்காட்டு ஊரிலிருந்து பார்த்தால் இந்த முடிவில் பாதிதான் தேறும்.

கியோட்டோவின் சைஹோஜி ஆலயத்தை 1339இல் புதுப்பித்தவர் முசோ சோசெகி என்ற துறவி. இன்று உலகமே வியக்கும் அந்தப் பாசி அவர் போட்ட திட்டமல்ல. பிற்காலத்தில் பராமரிப்புக் குறைந்தபோது படர்ந்தது என்பார்கள். அதுவரை பயணிகள் சொல்வது சரி. ஆனால் தானாக வந்த பாசி தானாக நிலைக்கவில்லை. விழுந்த இலைகளைப் பாசி பெயராமல் பெருக்கி எடுக்க ஆள் வேண்டும். மிதிபட்டு அழியாமலிருக்க, 1977 முதல் முன்பதிவு செய்தவர்களுக்கே அனுமதி. அதே நகரின் ரியோவான்ஜி ஆலயத்துக் கல்தோட்டத்திலும் இதே கதைதான். அங்குள்ள 15 கற்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. சுற்றியுள்ள வெள்ளைச் சரளையிலோ கோடுகளைத் திரும்பத் திரும்பப் புதிதாக இழுக்கிறார்கள். ஆக, அங்கே நடப்பது ஏற்பு மட்டுமல்ல, ஓயாத உழைப்பு.

கனசாவாவின் கென்ரோகுயென் தோட்டம் இதைப் பளிச்சென்று காட்டுகிறது. கராசாக்கி பைனின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் மரக்கால்களை ஊன்றியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று தோட்டக்காரர்கள் அந்த மரத்தில் ஏறுகிறார்கள். நடுக்கம்பத்தின் உச்சியிலிருந்து குடை விரித்தாற்போல் கயிறுகள் இறங்கி, ஈரப்பனியின் பாரத்தில் கிளைகள் முறியாதபடி தூக்கிப் பிடிக்கின்றன. முட்டுக்கொடுத்ததை யாரும் மறைப்பதில்லை. பார்க்க வருகிறவர்களுக்கு அதுவும் அழகுதான்.

நம் பக்கம் வழி வேறு. ஐயனார் கோயில் ஆலமரத்தில் யாரும் அரிவாள் வைப்பதில்லை. பயபக்தி காவல் காக்கிறது. முட்டு வேலையை விழுதுகளே பார்த்துக்கொள்கின்றன. அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் புயலில் சாய்ந்தபோதும் விழுதுகள் நின்றன. சிக்கல் என்னவென்றால், மனிதருக்கு விழுது தானாக இறங்காது. மானாவாரி பொய்த்துப் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட வீடுகளில், மரியாதை மட்டும் முதியவருக்குச் சோறு போடாது. இதே விருதுநகர் மாவட்டத்தில் 2010இல் தலைக்கூத்தல் செய்தியானது. தள்ளாதவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிடும் அந்த வழக்கத்தைப் பற்றிப் படித்துவிட்டு, ‘நாங்கள் பெரியவர்களைப் போற்றுகிறவர்கள்’ என்று மார்தட்ட முடியாது.

ஜப்பானுக்கும் நூற்றுக்கு நூறு போட முடியாது. முதியவர்களை மலையில் விட்டுவரும் பழங்கதை அங்கும் உண்டு. அதைச் சொல்லும் ‘நராயாமா’ திரைப்படம் 1983இல் கான் விழாவில் உயரிய விருது பெற்றது. இன்று அந்நாட்டில் பத்துப் பேரில் ஏறக்குறைய மூவர் 65 வயதைத் தாண்டியவர்கள். தனியறையில் யாருக்கும் தெரியாமல் இறந்துபோவது அங்கே தீராத கவலை. மரத்துக்குக் கிடைக்கும் கவனிப்பு மனிதருக்கும் கிடைக்கிறது என்பதற்குத் தோட்டம் அத்தாட்சியாகாது.

எனவே என் முடிவு இது. முதுமையை ஏற்கச் சொல்லும் பாடமாக அந்தத் தோட்டங்களைப் படிப்பது பயணியின் சௌகரியம். ஒரு மணி நேரம் பார்ப்பவர் கண்ணில் வேலையாட்கள் படுவதில்லை. தாங்கிப் பிடிக்கும் பாடமாகப் படித்தால் அவை தேறும். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. முட்டுதான், ஆனால் ஒரு கிளைக்கே போதாது. மீதியை ஊரும் உறவும் அரசும் சேர்ந்துதான் ஊன்ற வேண்டும்.