கழுத்தில் தொங்கும் அட்டை

கேம் கண்காட்சிக்குப் போகிற எவருக்கும் வாசலில் முதலில் கிடைப்பது ஓர் அட்டை. கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். பெயர், நிறுவனம், எந்த வகைப் பார்வையாளர் என்பதெல்லாம் அதில் இருக்கும். என் அட்டையில் 'ஊடகம்' என்று இருக்கும். நிறுவனம் என்ற இடத்தில் என் வலைப்பதிவின் பெயர். உள்ளே போன பத்து நிமிடத்தில் ஒன்று புரிந்துவிடும். இங்கே யாரும் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, அட்டையைத்தான் பார்க்கிறார்கள். இவரிடம் பேசினால் நமக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்ட பிறகுதான் கண்கள் மேலே வருகின்றன.

அட்டை தொங்குவது மார்பில். ஆணுக்கு அது ஒரு பொருட்டில்லை. பெண்ணுக்கோ, எதிரில் நிற்பவர் அட்டையைத்தான் படிக்கிறாரா என்ற கேள்வி நாள் முழுக்கக் கூடவே வரும். கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு அட்டையைக் கழுத்துக்குப் பக்கத்தில் ஏற்றிக்கொள்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சியில், புகைப்படம் எடுக்க வந்த நண்பர் ஒருவருடன் ஸ்டால் ஸ்டாலாகப் போனேன். கேள்விகளைக் கேட்டது நான். பதில்கள் எல்லாம் அவருக்குப் போயின. அவருக்கு கேம் என்றால் என்னவென்றே தெரியாது. மூன்றாவது ஸ்டாலில் அவரே பொறுக்க முடியாமல், "அவங்ககிட்ட சொல்லுங்க, எழுதப்போறது அவங்கதான்" என்றார். அந்த இளைஞர் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் கேம்ல ஆர்வம் உண்டா?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதனால்தான் இன்னும் நினைவில் இருக்கிறது.

அந்த இளைஞரின் கேள்வி எங்கிருந்து வந்தது என்று பார்க்க, இந்தக் கண்காட்சிகளின் கதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் 1995இல் தொடங்கிய இ-3தான் இந்தத் துறையின் மிகப் பெரிய திருவிழாவாக இருந்தது. அங்கே ஸ்டால்களின் முன்னால் குறைந்த ஆடையில் பெண்களை நிறுத்துவது வழக்கம். அவர்களுக்கு 'பூத் பேப்' என்று பெயரே இருந்தது. 2006இல் நிர்வாகம், அரைகுறை ஆடை விதியை மீறினால் 5,000 டாலர் அபராதம் என்று அறிவித்தது. தடை விதித்ததற்கு அவர்கள் பெயரளவில் பாராட்டும் பெற்றார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே காட்சி மறுபடியும் அரங்குக்குள் வந்துவிட்டது.

இதை நிறுவனங்களின் ரசனைக் குறைவு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. அந்தப் பெண்கள் யாருக்காக நிறுத்தப்பட்டார்கள்? இ-3 பெரும்பாலும் பொதுமக்களுக்கான விழாவாக இருக்கவில்லை. உள்ளே வந்தவர்கள் கடைக்காரர்கள், முதலீட்டாளர்கள், பத்திரிகையாளர்கள். கேமரா எங்கள் கையில்தான் இருந்தது. அந்தப் பெண்களின் படங்களைத் தொகுத்து 'கண்காட்சிச் சிறப்புப் பக்கம்' என்று வெளியிட்டவர்கள் கேம் பத்திரிகைகளும் வலைப்பதிவர்களும்தான். கேம் உருவாக்கிய பெண்களின் பேட்டியைவிட அந்தப் பக்கங்களுக்கு வாசகர்கள் அதிகம் என்று எங்கள் துறையில் வெளிப்படையாகவே பேசுவார்கள். நாள் கூலிக்கு எட்டு மணி நேரம் குதிகால் செருப்பில் நின்ற அந்தப் பெண்களின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் அங்கே நிற்பதால் ஸ்டாலில் இருக்கும் எந்தப் பெண்ணும் அலங்காரத்துக்கு வந்தவள் என்று ஆகிவிடுகிறது. அவள் நிரலாளராக இருக்கலாம், கேமின் வடிவமைப்பாளராகவே இருக்கலாம். என்னிடம் ஆர்வம் உண்டா என்று கேட்ட இளைஞர் இந்தப் பாடத்தைப் படித்து வளர்ந்தவர்.

சான்பிரான்சிஸ்கோவில் ஆண்டுதோறும் நடக்கும் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸ் இ-3 போல விற்பனைச் சந்தை இல்லை. 1988இல் கிறிஸ் கிராஃபோர்ட் என்பவர் தன் வீட்டு வரவேற்பறையில் சில நண்பர்களைக் கூட்டிப் பேசியதிலிருந்து வளர்ந்தது அது. கேம் உருவாக்குகிறவர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ளும் இடம். அங்கேயாவது நிலைமை வேறாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். 2012 நவம்பரில், கேம் துறையில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று ஒருவர் ட்விட்டரில் கேட்டார். 'ஒன் ரீசன் ஒய்' என்ற அடையாளச் சொல்லோடு பெண்கள் பதில் எழுதத் தொடங்கினார்கள். பேச்சை வெட்டியவர்கள், கை வைத்தவர்கள், வேலையைத் திருடிக்கொண்டவர்கள் என்று பட்டியல் நீண்டது. அதன் தொடர்ச்சியாக 2013 மார்ச்சில் இந்த மாநாட்டிலேயே 'ஒன் ரீசன் டு பி' என்ற அமர்வு நடந்தது. இத்தனைக்குப் பிறகும் நாங்கள் ஏன் இங்கே இருக்கிறோம் என்று பெண்கள் பேசினார்கள். அதே வாரத்தில் கேம் உருவாக்குநர்களின் சர்வதேசச் சங்கம் கூட்டாக நடத்திய பார்ட்டியில் பெண்களை நடனமாட வைத்தார்கள். அந்த அமர்வை நடத்தியவர்களில் ஒருவரும், சங்கத்தின் பெண்கள் பிரிவுக்கு இணைத் தலைவராக இருந்தவருமான பிரெண்டா ரொமேரோ பொறுப்பிலிருந்து விலகினார். மூன்றாண்டு கழித்து, 2016இல், அதே மாநாட்டையொட்டி மைக்ரோசாஃப்ட் நடத்திய பார்ட்டியில் பள்ளிச் சிறுமிகள் போல உடுத்திய நடனப் பெண்கள். எக்ஸ்பாக்ஸ் தலைவர் ஃபில் ஸ்பென்சர் மன்னிப்புக் கேட்டார்.

பார்ட்டி என்பது வேலை முடிந்த பிறகு நடக்கும் பொழுதுபோக்கு என்று ஆண்கள் சொல்வார்கள். கண்காட்சி வாரத்தில் ஒரு முறை இருந்து பார்த்தால் அது பொய் என்று தெரியும். பகலில் நடப்பது அறிமுகம், இரவில் நடப்பது வேலை. அடுத்த கேமுக்குப் பணம் போடுகிறவர், ஆள் எடுக்கிறவர், எங்களைப் போன்றவர்களுக்குச் செய்தி தருகிறவர் எல்லாரும் அங்கேதான் மனம் திறந்து பேசுவார்கள். போகாத பெண் வாய்ப்பை இழக்கிறாள். போகிற பெண் மேடையில் ஆடும் பெண்ணைப் பார்த்தபடி தன் கேமைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் விலை அவளுடையது.

எனக்கு இதையெல்லாம்விட அச்சம் தந்தது 2019இல் நடந்தது. அந்த ஆண்டு இ-3க்கு வந்த பத்திரிகையாளர்கள், வலைப்பதிவர்கள், யூடியூபர்கள் என 2,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர், தொலைபேசி எண், முகவரி அடங்கிய பட்டியல் கண்காட்சியின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி கிடந்தது ஆகஸ்டில் தெரியவந்தது. பெரிய பத்திரிகையில் வேலை பார்ப்பவர் அலுவலக முகவரி கொடுத்திருப்பார். சொந்தமாக எழுதும் வலைப்பதிவருக்கு அலுவலகம் ஏது? வீட்டு முகவரியைத்தான் கொடுத்திருப்பார்.

ஒரு முகவரி வெளியானால் என்ன என்று கேட்பவர்களுக்கு 2014ஐ நினைவூட்ட வேண்டும். கேமர்கேட் என்ற பெயரில், கேம்களைப் பற்றி எழுதிய, கேம்களை உருவாக்கிய பெண்களைத் தேடித் தேடி வேட்டையாடிய ஆண்டு அது. கேம் உருவாக்குநர் பிரியானா வூவின் முகவரி அக்டோபரில் இணையத்தில் போடப்பட்டது. கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு பாஸ்டனில் நடந்த பாக்ஸ் ஈஸ்ட் கண்காட்சியில் போட இருந்த ஸ்டாலைப் பாதுகாப்பு கருதி அவர் நிறுவனம் கைவிட்டது. கேம்களில் பெண்கள் சித்திரிக்கப்படும் விதத்தை விமர்சித்த அனிதா சர்க்கீசியன் அதே அக்டோபரில் யூட்டா பல்கலைக்கழகம் ஒன்றில் பேச இருந்தார். கூட்டத்தில் சுடுவோம் என்று மிரட்டல் வந்தது. துப்பாக்கியோடு உள்ளே வருவதைத் தடுக்க அம்மாநிலச் சட்டத்தில் இடமில்லை என்று தெரிந்ததும் அவர் பேச்சை ரத்து செய்தார். இதெல்லாம் நடந்து ஐந்தே ஆண்டுகளில் ஒரு கண்காட்சி, பெண் எழுத்தாளர்களின் வீட்டு முகவரிகளை ஒரே கோப்பில் அடுக்கி வாசலில் வைத்தது. வேண்டுமென்று செய்யவில்லை, கவனக்குறைவு என்றார்கள். முகவரி வெளியானால் என்ன ஆகும் என்று யோசிக்கத் தேவையே இல்லாதவர்களுக்குத்தான் அந்தக் கவனக்குறைவு வரும். நேரில் நடந்த கடைசி இ-3 அதுதான். 2023 டிசம்பரில் இ-3 நிரந்தரமாக முடிந்தது என்று அறிவித்தார்கள். நண்பர்கள் பலர் இரங்கல் குறிப்பு எழுதினார்கள். எனக்கு எழுத வரவில்லை.

பிறகு ஏன் போகிறாய் என்று கேட்பார்கள். ஒரு கேள்விக்கு அங்கே இருக்கும் பலத்துக்காக. 2014 இ-3யில் 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி' கேமைக் காட்டினார்கள். நான்கு பேர் சேர்ந்து விளையாடலாம், நால்வரும் ஆண்கள். பெண் பாத்திரம் ஏன் இல்லை என்று ஒரு பேட்டியில் கேட்டபோது, அசைவுகளையும் குரல்களையும் இரட்டிப்பாகச் செய்ய வேண்டும், வேலை அதிகம் என்று பதில் வந்தது. அதே நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த அசைவூட்டக் கலைஞர் ஒருவர், அது ஓரிரு நாள் வேலைதான் என்று பொதுவெளியில் சொன்னார். தொழில்நுட்பக் காரணம் என்று சொல்லப்பட்டது வெறும் மனத்தடை என்று ஊருக்கே தெரிந்துபோனது. அடுத்த ஆண்டு இ-3யில் பெண்ணை நாயகியாகக் கொண்ட 'ஹொரைசன் ஜீரோ டான்' அறிவிக்கப்பட்டது. அந்த ஒரு கேள்வியால் இது நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாரும் கேட்காமல் இருந்தால் அந்தப் பதில் வெளியே வந்திருக்காது.

2024 மார்ச்சில் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டின் விருது நிகழ்வில் ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயர் ஒலித்தது. கற்பனைப் பெண்தான். 'வெண்பா'. டொராண்டோவிலுள்ள விசை கேம்ஸ் உருவாக்கிய இந்தச் சின்ன கேம், சுயாதீன கேம்களுக்கான விழாவில் முதன்மைப் பரிசையும், உருவாக்குநர்கள் தேர்வு விருதுகளில் சிறந்த அறிமுகப் படைப்புக்கான பரிசையும் பெற்றது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அம்மாவின் கிழிந்து அழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு சமைக்கிறாள். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும் என்பதை விளையாடுபவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டில் கூலியில்லாமல், பெயரில்லாமல் போய்விடும் ஓர் அறிவை, யோசித்துத் தீர்க்க வேண்டிய புதிராக அந்த கேம் மாற்றியிருக்கிறது. வாளும் துப்பாக்கியும் திறமை என்று கொண்டாடப்படும் அரங்கில், ஒரு தாயின் கைப்பக்குவத்தைத் திறமை என்று நிறுத்தியது பெரிய காரியம். எனக்குக் கண் கலங்கியது.

கலங்கிய கண்ணோடு நிறுத்திக்கொண்டால் நான் விமர்சகர் இல்லை. தன் பெயரால் வழங்கும் கேமில் வெண்பா கடைசிவரை விளையாடுபவரின் கையில் இருப்பதில்லை. பின்பாதியில் விளையாட்டு மகன் கவின் கைக்குப் போகிறது. அம்மா அவனுடைய குற்றவுணர்வுக்குரிய இடமாக, அவன் திரும்பி வரவேண்டிய ஊராக ஆகிவிடுகிறாள். அடுப்படிக்கு வெளியே அவளுக்கு என்ன ஆசை இருந்தது என்று கேம் தொட்டுப் பார்க்கிறது, ஆனால் தங்குவதில்லை. 'மனதைத் தொடும் சமையல் கேம்' என்று எழுதிவிட்டு நகர்ந்த ஊடகங்களுக்கு இந்தக் கேள்வி எழவில்லை. அம்மா என்றதும் விமர்சனம் வாயடைத்துப் போவது தமிழ் சினிமாவில் நமக்குப் பழக்கமான நோய்தான்.

வரலாற்றில் இன்னொரு சமையலறை மேசை இருக்கிறது. ராபர்ட்டா வில்லியம்ஸ் 'மிஸ்டரி ஹவுஸ்' கேமைத் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் வடிவமைத்தார். 1980இல் வந்த அது, படங்களோடு கூடிய சாகச கேம்களின் தொடக்கம். இரண்டு சிறு பிள்ளைகளின் தாய் அவர் அப்போது. முன்னோடிக்கான விருதை உருவாக்குநர்கள் அவருக்குக் கொடுத்தது 2020இல். நாற்பது ஆண்டுகள். சமையலறையில் நிற்கும் தாய் கதையில் வந்தால் உடனே பரிசு கிடைக்கிறது. சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு துறையையே தொடங்கிவைத்த தாய் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

அதே 2024 மாநாட்டு வாரத்தில் ஒரு நாள், அரங்குக்குப் பக்கத்திலுள்ள எர்பா புவேனா பூங்காவில் கேம் உருவாக்குநர்கள் கூடி ஒன்றாகச் சேர்ந்து கத்தினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு முழுக்க ஆட்குறைப்பு, பத்தாயிரம் பேருக்கு மேல் வேலை போயிற்று என்று கணக்குச் சொன்னார்கள். பேச்சாளர் இல்லை, மேடை இல்லை, சத்தம் மட்டும். பூங்காவுக்குள் போக அட்டை வேண்டாம். கட்டணம் கட்ட முடியாதவர்களும் அங்கே இருக்கலாம்.

என் பங்குக்குச் சில வழக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறேன். பதிவுப் படிவத்தில் வீட்டு முகவரி தருவதில்லை, அஞ்சல் பெட்டி எண் மட்டும். ஸ்டாலில் நிற்கும் பெண்ணிடம் முதலில் கேட்பது, "இந்த கேம்ல உங்க வேலை எது?" பேட்டியில் பேசியவரின் பெயரோடு நிறுத்தாமல் கேமின் இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலையும் படிக்கிறேன். பார்ட்டியில் பார்த்ததைப் பகலில் பார்த்ததைப் போலவே எழுதுகிறேன். இவை பெரிய புரட்சி ஒன்றுமில்லை. அட்டையில் 'ஊடகம்' என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்களே, அதற்குச் செய்ய வேண்டிய வேலை இவ்வளவுதான்.