ஷேடோஸ் ஒலியும் மதுரை மெல்லிசை மேடையும்

தி ஷேடோஸ் இங்கிலாந்தைச் சேர்ந்த வாத்திய இசைக்குழு. 1958-ல் பாடகர் கிளிஃப் ரிச்சர்டின் பின்னணிக் குழுவாக டிரிஃப்டர்ஸ் என்ற பெயரில் தொடங்கி, 1959-ல் ஷேடோஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஹாங்க் மார்வின் முதன்மைக் கிட்டாரையும், புரூஸ் வெல்ச் தாளக் கிட்டாரையும், ஜெட் ஹாரிஸ் பேஸ் கிட்டாரையும், டோனி மீஹன் டிரம்ஸையும் வாசித்தனர். ஜெரி லார்டன் இயற்றிய 'அப்பாச்சி' 1960-ல் இவர்களது இசைத்தட்டாக வெளிவந்து பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பாடகர் நிற்கும் இடத்தில் ஒரு கிட்டார் நின்று மெட்டைப் பாடுவது இவர்களின் பாணி. அதே ஆண்டில் அமெரிக்காவின் வெஞ்சர்ஸ் குழுவும் 'வாக், டோன்ட் ரன்' மூலம் இதே வகையில் புகழ்பெற்றது.

தமிழ் ரசிகருக்கு இந்த ஒலி அந்நியமானதல்ல. 'காதலிக்க நேரமில்லை' (1964), 'அதே கண்கள்' (1967) போன்ற படங்களின் காலத்தில் மின் கிட்டார் திரைப்பாடலின் துள்ளலுக்கு அடையாளமாகிவிட்டது. இன்றும் பழைய பாடல்களை மேடையில் வாசிக்கும் கிட்டார் கலைஞர்கள் அந்த ஒலியைத் தேடுகிறார்கள். தேடும்போது முதலில் காதில் விழும் பெயர் வாக்ஸ் ஏசி 30 என்னும் ஆம்ப். அந்த ஆம்பை வாங்கினால் அந்த ஒலி வந்துவிடும் என்ற எண்ணத்தை, மதுரையையும் அதைச் சுற்றிய ஊர்களையும் சேர்ந்த திருவிழா மேடைகளை வைத்துப் பரிசீலிக்கிறது இக்கட்டுரை.

ஒலியின் கூறுகள்

ஷேடோஸ் ஒலியில் நான்கு கூறுகள் உள்ளன. முதலாவது கிட்டார். 1959-ல் கிளிஃப் ரிச்சர்ட் அமெரிக்காவிலிருந்து தருவித்துக் கொடுத்த சிவப்பு நிற ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரை மார்வின் வாசித்தார். தடித்த தந்திகள், பிரிட்ஜ் அருகே உள்ள பிக்கப்பின் கூர்மை, நடுக்கக் கம்பியை உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நீண்ட சுரத்தின் முடிவையும் லேசாக அசைப்பது ஆகியவை அவர் கையின் அடையாளங்கள்.

இரண்டாவது எதிரொலி. இத்தாலியின் மெயாட்சி நிறுவனம் செய்த எதிரொலிக் கருவி ஒன்று பாடகர் ஜோ பிரவுன் வழியாக மார்வினிடம் வந்தது. வாசித்த சுரத்தைப் பதிவுசெய்து, சிறிய இடைவெளிகளில் பல முனைகள் வழியாகத் திருப்பித் தருவது அதன் வேலை. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சுரத்தின் கூர்மை குறையும். அதனால் எதிரொலி மூலச் சுரத்தின் மேல் ஏறாமல் பின்னால் ஒதுங்கி நிற்கும்.

மூன்றாவது ஆம்ப். டார்ட்ஃபர்டில் இயங்கிய ஜென்னிங்ஸ் நிறுவனத்துக்காக டிக் டென்னி வடிவமைத்த வாக்ஸ் ஏசி 15, 1958-ல் வந்தது. இரண்டு இஎல் 84 வால்வுகள், 15 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. 'அப்பாச்சி' பதிவானது இந்தச் சிறிய ஆம்பில்தான். அதைப் பெரிதாக்கி நான்கு வால்வுகளுடன் 30 வாட்டில் உருவானது ஏசி 30. 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு கொண்ட அதன் வடிவம்தான் பின்னாளில் புகழ்பெற்றது.

நான்காவது கூறு இடைவெளி. மார்வின் குறைவாக வாசிப்பவர். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே எதிரொலி நடமாட இடம் விடுவார். இந்த இடத்தை நிரப்பிவிட்டால் மற்ற மூன்றும் இருந்தும் பயனில்லை.

இவற்றில் கடையில் விலைக்குக் கிடைப்பவை மூன்று. அவற்றிலும் ஆம்புக்கு மட்டும் எல்லாப் பெருமையையும் கொடுப்பது விளம்பரத்தின் வேலை. ஆம்ப் அங்கே செய்தது, மெல்லத் தொட்டால் மெல்லவும் அழுத்தித் தொட்டால் பிரகாசமாகவும் பதில் சொன்னதும், சுரம் உடையாமல் காத்ததும்தான்.

எந்தச் சிக்கலுக்கு எந்தத் தீர்வு

ஏசி 30 ஏன் பிறந்தது என்பதைக் கவனித்தால் தேர்வு எளிதாகும். 1960 வாக்கில் அரங்குகளில் இருந்த ஒலிபெருக்கி பாடகரின் மைக்குக்கு மட்டும் உரியது. கிட்டாரின் ஒலி கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டுமானால் மேடையில் இருக்கும் ஆம்பே அதைச் சுமக்க வேண்டும். முன்வரிசையில் ரசிகர்களின் கூச்சல் வேறு. 15 வாட் போதவில்லை என்று ஷேடோஸ் கேட்டதால் 30 வாட் வந்தது. கணக்குப்படி வாட் இரு மடங்கானால் ஒலி அளவு 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். ஸ்பீக்கர் இரண்டானதும் சேர்ந்துதான் அந்த ஆம்ப் அரங்கை நிரப்பியது.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி பக்கத்துத் திருவிழா மேடையில் இந்தச் சிக்கலே இல்லை. அங்கே கூட்டம் கேட்பது மைக் செட்காரரின் பெட்டிகளையும், தெரு நெடுகக் கட்டிய குழாய்களையும்தான். கிட்டார் ஆம்ப் வாசிப்பவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்டால் போதும். மீதியை அதன் முன் வைக்கும் மைக் பார்த்துக்கொள்ளும். ஏசி 30-ஐ இனிமையாக ஒலிக்கவைக்கும் அளவுக்குத் திறந்தால் மேடையில் பாடகரின் மைக்குக்குள்ளும் அதுவே புகும். மைக் செட்காரர் குறைக்கச் சொல்வார். குறைத்தால், எதற்காக வாங்கினோமோ அந்தக் குணம் போய்விடும். சுமார் 30 கிலோ எடையுள்ள பெட்டியை வேனின் மேல் ஏற்றி இறக்கியது மட்டும் மிச்சம்.

வால்வு ஆம்புக்கு வேறு நடைமுறைத் தொல்லைகளும் உண்டு. வால்வு தேய்ந்தால் மாற்ற வேண்டும். ஜெனரேட்டரில் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட்டும் சேர்ந்து ஆடும். பங்குனி, சித்திரை வெயிலில் மாலையிலேயே மேடையில் அடுக்கிவைத்த கருவிகள் சூடேறி இருக்கும். இவற்றைக் கவனிக்க ஸ்டெபிலைசரும், வால்வு தெரிந்த மெக்கானிக்கும் அருகில் இருக்க வேண்டும்.

நேரடி இணைப்பின் குறை

இன்று பல குழுக்களில் மேடையில் ஆம்பே இல்லை. கிட்டாரிலிருந்து மல்டி எஃபெக்ட்ஸ் கருவிக்கும் அங்கிருந்து நேரே மிக்சருக்கும் ஒயர் போகிறது. கருவிக்குள் ஏசி 30-ன் சாயலும் ஒன்றிருக்கும். தூக்கிச் செல்ல எளிது, செலவும் குறைவு. இதைக் குறைகூற இடமில்லை என்றே முதலில் தோன்றும்.

குறை இரண்டு இடங்களில் உள்ளது. கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் உயர்ந்த அதிர்வெண்களை அவ்வளவாக வெளியிடாது. ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அது வேகமாக அடங்கிவிடும். கிட்டாரின் இனிமை பாதி இந்த அடக்கத்தால் வருவது. கருவியில் ஸ்பீக்கர் பெட்டியின் சாயலைச் சேர்க்காமல் மிக்சருக்கு அனுப்பினால் சுரம் கீச்சென்று நிற்கும். கூம்பு வடிவக் குழாயோ அடிச்சுரங்களைக் கைவிட்டு நடுப்பகுதியைத் துருத்திக் காட்டும். இரண்டும் சேர்ந்தால் தந்தியின் உடல் போய் நகத்தின் சத்தம் மட்டும் ஊரைச் சுற்றும்.

இரண்டாவது குறை பெரியது. சிறிய குழுக்களில் மேடையை நோக்கி வைத்த மானிட்டர் பெட்டி பாடகருக்கே போதாது. தன் கிட்டார் தனக்குக் கேட்காத கலைஞர் அழுத்தி வாசிக்கத் தொடங்குவார். எல்லாச் சுரமும் ஒரே அழுத்தத்தில் வரும். ஷேடோஸ் பாணிக்கு உயிரான மென்மையும் வன்மையும் அங்கேயே முடிந்துவிடும்.

எதிரொலியும் தெருவும்

மதுரைச் சமவெளியில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. வெப்பமான இரவில் ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளிக் கட்டிய குழாயில் ஒலி ஒயர் வழியே உடனே வந்துவிடும். ஆனால் அந்தக் குழாயின் அடியில் உட்கார்ந்திருப்பவருக்கு மேடைப் பெட்டியின் ஒலி கிட்டத்தட்ட 0.3 நொடி கழித்துத்தான் வரும். மேடையின் முன் இருப்பவருக்குத் தூரத்துக் குழாய் அதே அளவு பிந்திக் கேட்கும். மார்வினின் கருவி செய்த வேலையைத் தெருவே செய்கிறது, அதுவும் யாரும் கேட்காமல். இதன் மேல் இசைத்தட்டில் உள்ள அளவுக்கு எதிரொலியும் சேர்த்தால் மெட்டு குழம்பிப் போகும்.

ஆகவே கல்யாண மண்டபத்தில் வைக்கும் எதிரொலியைத் தெருமுனை மேடையில் பாதிக்கும் கீழே இறக்க வேண்டும். திரும்பும் சுரம் மங்கலாக வரும் பழைய டேப் வகையைத் தேர்ந்தால் இன்னும் நல்லது. இசைத்தட்டில் கேட்டதைக் கூட்டத்துக்குக் கேட்கவைக்க, இசைத்தட்டில் உள்ளதைவிடக் குறைவாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. 'அச்சு அசல்' என்று பாராட்டப்படும் வாசிப்புகள் பெரும்பாலும் இப்படி மாற்றி வாசிக்கப்பட்டவையே.

திரையிசை கேட்கும் வேறு ஒலி

மதுரை மேடையில் கிட்டார் ஒரே பாணிக்குக் கட்டுப்பட்டதல்ல என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943-ல் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று வாசித்தவர் இளையராஜா. அவர் வாத்திய இசைக்கென்றே 'ஹவ் டு நேம் இட்' (1986), 'நத்திங் பட் விண்ட்' (1988) ஆகிய தொகுப்புகளை வெளியிட்டார். ஆனால் இந்தப் பகுதி மக்களின் காதில் வாத்திய இசை பதிந்தது பாடல்களின் முன்னிசையிலும் இடையிசையிலும்தான். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' பாடலை, குரல் வருவதற்கு முன் கிட்டாரை வைத்தே கூட்டம் அடையாளம் கண்டு கைதட்டும். ஆர். சந்திரசேகர் வாசித்த அந்தக் கிட்டார் மின் கிட்டாரின் குரல் அல்ல. மரப்பெட்டியின் குரல்.

ஓர் இரவில் ஒரே கலைஞர் அறுபதுகளின் மின் கிட்டாரையும் எண்பதுகளின் மரக் கிட்டாரையும் வாசிக்க வேண்டும். ஒரு குணத்தை மட்டும் மிகைப்படுத்தும் ஆம்ப் இரண்டாவதைக் கெடுக்கும். தன் நிறத்தைக் குறைவாகப் பூசும் தெளிவான ஆம்பே இரண்டுக்கும் பொருந்தும். 1975-ல் வந்த ரோலண்ட் ஜேசி 120 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது டிரான்சிஸ்டர் ஆம்ப். எவ்வளவு திறந்தாலும் சுரம் தெளிவாக நிற்கும். ஆனால் அதுவும் எடையில் ஏசி 30-க்கு அதிகம் குறைந்ததல்ல. அதே கொள்கையில் 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றோடு 30 முதல் 50 வாட் வரை உள்ள டிரான்சிஸ்டர் ஆம்ப் மேடைக்குப் போதும். வால்வுதான் வேண்டும் என்பவருக்கு 15 வாட் வகை போதும். 'அப்பாச்சி'க்கே அதுதான் போதுமானதாக இருந்தது.

மதிப்பீடு

ஷேடோஸ் தங்கள் ஒலியை உருவாக்கிய முறையில் ஒரு பாடம் இருக்கிறது. கிட்டார் அமெரிக்காவுடையது, எதிரொலி இத்தாலியுடையது. ஆம்ப் மட்டும் தங்கள் ஊரிலேயே செய்து, தங்கள் ஊரிலேயே பழுதுபார்க்கக் கூடியது. தங்கள் அரங்கின் தேவையைச் சொல்லி அதைத் திருத்தியும் வாங்கினார்கள். பிறகு அதற்கேற்ப வாசிப்பைப் பழக்கிக்கொண்டார்கள். அறுபது ஆண்டுகள் கழித்து அந்தப் பெட்டியை மட்டும் எடுத்துவருபவர் அவர்களின் முடிவைப் பின்பற்றுகிறார், முறையை விட்டுவிடுகிறார்.

இதில் பணயம் வைக்கப்படுவது ரசனை மட்டுமல்ல. கீபோர்டில் கிட்டார் ஒலி இருக்கிறது, பாடலின் இசை முழுவதும் டிராக்காகக் கிடைக்கிறது. செலவைக் குறைக்க நினைக்கும் குழு முதலில் நிறுத்தும் ஆட்களில் கிட்டார்காரரும் ஒருவர். மிக்சரிலிருந்து வரும் கிட்டார் எல்லாச் சுரத்திலும் ஒரே அழுத்தத்தோடு கேட்டால், கீபோர்டுக்கும் அவருக்கும் வேறுபாடு சொல்ல விழாக் கமிட்டிக்குக் காரணமில்லை. தொடுவதற்கேற்ப மாறும் சுரம், முடிவில் அசையும் நடுக்கம், இரண்டு சுரங்களுக்கு நடுவே விடும் மௌனம் ஆகியவைதான் அவரை அந்த மேடையில் நிறுத்தும். அவை கூட்டத்தை அடைய, முதலில் அவருக்கே கேட்க வேண்டும்.

அதனால் ஆம்ப் வாங்கப் போகிறவர் கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. மெல்லத் தொட்டால் மெல்ல ஒலிக்கிறதா? பாடகரின் மைக்கில் புகாத அளவிலும் அதன் இனிமை நிற்கிறதா? ஒருவரால் தூக்க முடியுமா? பழுதானால் மதுரைக்குள் சரிசெய்ய முடியுமா? இந்த நான்குக்கும் ஆம் என்று பதில் சொல்லும் பெட்டியில் வாக்ஸ் என்ற பெயர் இல்லாவிட்டாலும் ஷேடோஸ் வாசிக்கலாம். முன்பே ஏசி 30 வைத்திருப்பவர் அதை விற்க வேண்டியதில்லை. மண்டபக் கச்சேரிக்கும் ஒலிப்பதிவுக்கும் அதைவிட நல்ல துணை குறைவு. பொங்கல் விழா மேடைக்கு மட்டும் சிறிய பெட்டியை ஏற்றிக்கொண்டு, எதிரொலியைப் பாதியாக இறக்கி, முதல் பாட்டுக்கு முந்தைய அந்த ஐந்து நிமிட வாத்திய இசையை மைக் சோதனையாக நடத்தாமல் கச்சேரியாக வாசித்தால் போதும்.